மார்கழியில் மணலில் பூ தேடுவோர்க்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே குடியிருக்கிறேன். காலை நடையில் கண்ட பூக்களைப் படம் எடுத்து நாலு நண்பர்களுக்கு அனுப்பப் போய், இப்போது மார்கழி பிறந்தாலே "அடுத்த வாரம் வரலாமா, என்ன இருக்கும்?" என்று தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. ஊரார் சொல்லும் பெயரையும், என் நோட்டில் குறித்து வைத்ததையும் கொண்டுதான் எழுதுகிறேன்.

இராமநாதபுரம் என்றாலே கருவைக்காடுதானே? அங்கே வந்து என்ன பூவைப் பார்ப்பது?

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் எங்கள் மாவட்டத்தைச் சித்திரை வெயிலில் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக்கருவை, கரிமூட்டப் புகை, வெடித்துக் கிடக்கும் கண்மாய். அதே வழியில் கார்த்திகை கடைசியில் வாருங்கள். வரப்பெல்லாம் தும்பை வெளுத்திருக்கும். வேலியில் சங்கங்குப்பி பூத்திருக்கும், தூதுவளை ஊதாவாய் எட்டிப் பார்க்கும். மண்டபம் பக்கம் குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரங்களைப் பார்த்தால் கருவையும் அதுவும் ஒரே சாதி என்று நினைக்கத் தோன்றும். இல்லை, உடை இந்த மண்ணின் மரம். கருவை வந்தேறி. கருவையும் மஞ்சள் கதிராகப் பூக்கத்தான் செய்கிறது, தேனீயும் மொய்க்கிறது. ஆனால் அதைப் பார்க்க யாரும் இராமேசுவரம் ரயில் ஏற வேண்டியதில்லை.

எந்த மாதம் வந்தால் நல்லது?

மாதத்தைக் கேட்காதீர்கள், மழையைக் கேளுங்கள். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதுதான்.

எங்களுக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடுகிறது. மீதி ஆண்டெல்லாம் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். மணலுக்குள் விதையாகக் கிடந்த சின்னச் செடிகள் அந்த ஈரத்தில் முளைத்து, ஈரம் வற்றுவதற்குள் பூத்துக் காய்த்து விதை போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவற்றின் ஆயுள். ஆகவே கடைசிப் பெருமழை பெய்து மூன்று வாரம் கழித்து வாருங்கள். சாதாரண ஆண்டில் அது மார்கழி முதல் பாதியில் வரும். மழை பிந்தினால் தை நடுவில் வரும். மழை ஏமாற்றிய ஆண்டில் மார்கழியிலேயே எல்லாம் காய்ந்து நெருஞ்சி முள் மட்டும் செருப்பில் ஏறும்.

2024 நவம்பர் 20-ஆம் தேதி இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். தீவுக்குள் தெருவெல்லாம் குளம். சனம் பட்ட பாட்டைப் பூவை வைத்து மறக்கச் சொல்லவில்லை. ஆனால் மணலுக்கு அப்படி ஒரு குடி கிடைத்தால் அதன் விளைவு தை கடைசி வரை தரையில் தெரியும்.

மேல்நாடுகளில் "குளிர் குறைவாக இருந்ததால் குளிர்காலத்திலேயே பூத்துவிட்டது" என்று செய்தி வருகிறதே? இங்கேயும் அதே கதைதானா?

இல்லை. அங்கே தடை குளிர். இங்கே தடை வறட்சி.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தாவரவியல் சங்கத்தார் 2012 முதல் புத்தாண்டை ஒட்டி ஒரு வேலை செய்கிறார்கள். நாலு நாளுக்குள் ஏதாவது ஒரு நாள், மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் நடந்து, தானாக வளர்ந்து பூத்திருக்கும் செடிகளைக் கணக்கெடுக்க வேண்டும். தோட்டத்தில் நட்டது கணக்கில் சேராது. குளிர் கடுமையாக இல்லாத ஆண்டில் பட்டியல் நீளும். அதில் சுவையான சேதி என்னவென்றால், அப்படிப் பூத்திருப்பவற்றில் பெரும்பாலானவை வசந்தத்துக்கு முந்திக்கொண்டவை அல்ல. உறைபனி வந்து நிறுத்தாததால் இலையுதிர்காலத்திலிருந்தே பூத்துக்கொண்டிருப்பவை.

பாம்பனில் தை மாத இரவும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வாடைக்காற்று அடித்தால் நாங்கள் காதில் துண்டைக் கட்டிக்கொள்வோம், செடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் குளிர்காலம் எல்லா ஆண்டும் மிதமானதுதான். ஆண்டுக்கு ஆண்டு மாறுவது மழை. ஆனால் அவர்களுடைய அந்த மூன்று மணி நேரக் கணக்கு எனக்குப் பிடித்துப்போய், தை முதல் நாள் காலையில் பொங்கல் பானை இறங்கியதும் நானும் ஒரு சுற்று போய் வருகிறேன். வீட்டில் திட்டு விழுகிறது, அது வேறு.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மணலில் இருங்கள். பத்து மணிக்குச் சிற்றுண்டி முடித்து வருகிறவர்களுக்குப் பாதிப் பூ கிடைக்காது. விஷ்ணுகிரந்தியின் நீலப் பூ உச்சி வெயிலுக்குள் மூடிவிடும். கானாவாழையும் அப்படித்தான். அடப்பங்கொடியின் புனல் காலையில் விறைப்பாக நிற்கும், பிற்பகலில் நனைந்த காகிதம் மாதிரி சுருண்டுவிடும்.

மாலையில்தான் வர முடியும் என்றால் பூவரசைப் பாருங்கள். காலையில் எலுமிச்சை மஞ்சளாக விரிந்த பூ, பொழுது சாயும்போது செம்மை ஏறித் தொங்கும். ஒரே மரத்தில் இரண்டு நிறப் பூ என்று நினைத்து என்னிடம் பந்தயம் கட்டியவர் உண்டு.

தனுஷ்கோடியில் மணலும் கடலும் தவிர என்ன இருக்கிறது?

அடப்பங்கொடி இருக்கிறது, அது ஒன்றே போதும். சங்கப் பாட்டில் அடும்பு என்று வருவது இதுதான். இலை நடுவில் பிளந்து மான் குளம்பு பதித்த மாதிரி இருக்கும். கோதண்டராமர் கோயில் தாண்டி அரிச்சல்முனைச் சாலையில் போகும்போது இரு பக்கமும் மணல்மேட்டில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்களைக் காணலாம். வண்டியை நிறுத்திக் குனிந்து ஒரு பூவுக்குள் பாருங்கள். தொண்டைக்குள் போகப் போக நிறம் அடர்ந்துகொண்டே போகும். ஒரு கொடியை இலேசாகத் தூக்கிப் பாருங்கள், வராது. கணுவுக்குக் கணு வேர் இறக்கியிருக்கும். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அந்த வேர்தான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளைச் சுற்றியும் இதே கொடி ஓடிக் கிடக்கிறது. மீனவர்கள் உடம்பில் சொறி (இழுது மீன்) பட்டால் இதன் இலையைக் கசக்கித் தேய்ப்பார்கள்.

அப்புறம் எருக்கு. இதற்கு மழைக் கணக்கே கிடையாது, ஆண்டு முழுவதும் பூக்கும். மொட்டை அமுக்கினால் 'பட்'டென்று வெடிக்கும், சிறு வயதில் எல்லோரும் செய்ததுதான். இன்று கொஞ்சம் பொறுமையாக நின்றால் பூவில் இரண்டு வேடிக்கைகள் பார்க்கலாம்: கறுத்த தச்சன் வண்டு ரீங்காரத்தோடு வந்து உட்காரும், ஆரஞ்சு நிற வெந்தய வரியன் பட்டாம்பூச்சி சுற்றிச் சுற்றி வரும். வரியனின் புழுவுக்கு எருக்கிலைதான் சோறு.

இதே மாதங்களில் பூநாரைகளும் தனுஷ்கோடிப் பக்கம் இறங்கும். 2025-இல் அந்த இடத்தைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பூப் பார்க்க வந்தவர்கள் பறவையை நோக்கி நடந்து அதைக் கிளப்பிவிடாதீர்கள்.

இராவணன் மீசை என்கிறார்களே, அது பூவா, முள்ளா?

அது ஒரு புல். புல்லுக்கும் பூ உண்டு, நாம்தான் அதைப் பூ என்று மதிப்பதில்லை. இலை ஊசியாக நீண்டு நுனியில் குத்தும். அதைப் பார்த்துத்தான் யாரோ இராவணன் மீசை என்று பெயர் வைத்திருக்க வேண்டும். இலங்கைக்கு எதிர்க்கரையில் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் பூங்கொத்து கட்டையான கதிர்களாக நிற்கும். பெண் பூங்கொத்துதான் பார்க்க வேண்டியது: நாலாபக்கமும் முள் நீட்டிய பெரிய பந்து, சிறுபிள்ளையின் தலை அளவுக்கு மேலேயே இருக்கும். மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கிறது, வண்டுக்கு இங்கே வேலையில்லை. காய்ந்ததும் பந்து காம்பிலிருந்து ஒடிந்து, முள்களைக் கால்களாக ஊன்றி மணலில் உருண்டு ஓடும். வாடை அடிக்கும் நாளில் தென்கடல் பக்கமாக நாலைந்து பந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போவதைப் பார்த்தால் உயிருள்ள பிராணி என்றுதான் தோன்றும். ஓடும் வழியெல்லாம் விதை விழும். பிடிக்க ஆசைப்பட்டு வெறுங்கையால் ஒன்றைத் தூக்கினேன். இரண்டு நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

மணலில் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூக்கள் இருக்குமாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

உட்கார்ந்துதான். நின்றுகொண்டு தேடினால் கிடைக்காது.

உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு வெளியே, உழாமல் விட்ட மணல்தரையில் குந்தி உட்காருங்கள். ஒரு முழத்துக்குள் கண்ணை வையுங்கள். முதலில் புல்தான் தெரியும். கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு நகம் மாதிரி ஏதோ ஆடும். அதுதான் ஓரிதழ்த்தாமரை. பெயர் ஓரிதழ் என்றாலும் உண்மையில் இதழ் ஐந்து. நாலு இதழ்கள் குறுகி ஒதுங்கிக்கொள்ள, கீழே உள்ள ஒன்று மட்டும் அகன்று நாக்குப் போல நீண்டிருக்கும். படிக்கும் கண்ணாடியைக் கழற்றிப் பூதக்கண்ணாடி போலப் பிடித்துப் பார்த்தால் மற்ற நாலும் தெரியும். நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கியவர்கள் பலர், பூவாகப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்.

அதே முழத்துக்குள் விஷ்ணுகிரந்தி இருக்கலாம், கொழிஞ்சியின் ஊதாப் பூ இருக்கலாம், சூரியனைப் பார்த்தபடி நெருஞ்சியின் மஞ்சள் பூ இருக்கலாம். நெருஞ்சி இருந்தால் எங்கே உட்காருகிறீர்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தரையில் ஏதாவது பூக்குமா?

பூக்கும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வழியில் உப்பு பூத்த தரையில் உமிரி படர்ந்திருக்கும். அதன் பூ பச்சை நிறப் புள்ளி, பார்த்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை. உப்பை வடித்துக் கீரையாகச் சமைப்பார்கள், அந்தக் கீரையால்தான் அது பேர் பெற்றது. பக்கத்திலேயே தடித்த இலையோடு வங்கராவாசி ஓடும். இதன் பூ இளஞ்சிவப்பு நட்சத்திரம். இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லை: திருப்பிப் பார்த்தால் வெளிப்புறம் பச்சை, உள்புறம் மட்டும் சாயம் பூசியது போலச் சிவப்பு. புல்லிவட்டமே இதழ் வேடம் போடுகிறது.

காரங்காட்டு அலையாத்திக் காட்டில் படகில் போகலாம், அழகான இடம். ஆனால் அங்கே வெண்கண்டல் பூப்பது கோடையை ஒட்டி. மார்கழியில் பூவுக்காக அங்கே போக வேண்டாம், பறவைக்காகப் போங்கள்.

கடலுக்குள் பூ உண்டா? யாரோ விளையாட்டுக்குக் கேட்டார்கள்.

விளையாட்டில்லை, உண்டு. இங்கே பெண்கள் முக்குளித்து எடுக்கும் பாசி பூக்காது. ஆனால் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அடியில் வளரும் கடற்புல் பூக்கும் தாவரம். நாடா போல நீண்ட இலையுள்ள ஒரு வகையில் ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று மேலே வந்து, வெள்ளைத் துகள்களாக நீர்மட்டத்தில் மிதந்து போய்ப் பெண் பூவைச் சேரும். ஆவுளியா எனும் கடற்பசு மேய்வது கடற்புற்களைத்தான்.

கண்மாய்ப் பூக்கள்?

கண்மாய் நிறைந்திருந்தால் கடற்கரையை விட்டு அரைநாள் உள்ளே வாருங்கள். இராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாயும் அந்தப் பக்கத்து ஊருணிகளும் நல்ல இடங்கள். வெள்ளை அல்லி இரவில் விரிந்து வெயில் ஏறியதும் கூம்பும். நீலம் பகலில் விரியும். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா, அந்தப் பெயரைத் தந்த பூ இந்த நீல ஆம்பல் இனம்தான் என்று பலர் கருதுகிறார்கள். கடற்கரைக்குப் பெயர் கொடுத்த பூ கடல்நீரில் வளராது, நன்னீரில் வளர்கிறது. எனக்கு இது நெடுநாள் வேடிக்கையாகப் பட்டது. கண்மாய் வற்றாத ஆண்டில் கரையில் நின்று ஒரு பக்கம் அலைச்சத்தம், ஒரு பக்கம் நீலப்பூ என்று பார்த்தபின் வேடிக்கை தெளிந்தது.

கரையோரம் இளஞ்சிவப்புப் புனலாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்பது நெய்வேலிக் காட்டாமணக்கு. எல்லோரும் அதன் முன்னால்தான் நின்று படம் எடுக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை அடைக்கிற செடி அது.

நித்தியகல்யாணியைக் காட்டுப்பூவில் சேர்க்கலாமா?

இந்தக் கேள்வியால் எங்கள் கூட்டத்தில் ஒரு சண்டையே நடந்தது. ஆள் நடாமல் மணல்வெளியில் தானாகப் பூத்திருக்கிறது, ஆகவே சேர்க்கலாம் என்பது என் கட்சி. மடகாஸ்கரிலிருந்து வந்தது, நம் மாவட்டத்தில் மருந்துப் பயிராக வயலில் போடுகிறார்கள், அங்கிருந்து தப்பியது எப்படிக் காட்டுப்பூவாகும் என்பது எதிர்க்கட்சி. புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் மருந்துகள் இதிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டன. நான் இப்போதெல்லாம் தனிப் பத்தியில் 'தப்பியவை' என்று தலைப்புப் போட்டு எழுதுகிறேன். உங்கள் நோட்டு, உங்கள் சட்டம்.

பொங்கலுக்குக் கட்டும் பூளை இங்கே கிடைக்குமா?

கிடைக்கும். சிறுபீளை, கண்ணுப்பிள்ளை, கூரைப்பூ என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், செடி ஒன்றுதான். பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளைக் கதிர். ஆவாரை கடற்கரை மணலில் அவ்வளவாக இல்லை, பரமக்குடிப் பக்கம் போனால் சாலையோரத்தில் மஞ்சளாய் நிற்கும்.

செங்காந்தள் பார்க்க முடியுமா?

முந்தி வந்தால். ஐப்பசி, கார்த்திகைதான் அதன் காலம், கார்த்திகைப்பூ என்றே பெயர். மார்கழியில் வேலி முள்ளில் கடைசிப் பூ ஒன்றிரண்டு தப்பி நிற்கும், மற்றதெல்லாம் காயாகியிருக்கும். நம் மாநில மலர் என்பதால் குழந்தைகளுக்குக் காட்ட ஆசையாக இருக்கும், காட்டுங்கள். இலை நுனியே சுருண்டு கொம்பைப் பற்றிக்கொள்வதையும் காட்டுங்கள். ஆனால் தொட்ட கையை வாயில் வைக்க விடாதீர்கள். கிழங்கு முதல் விதை வரை கொல்சிசின் நஞ்சு. கிழங்கைத் தின்றால் ஆளையே கொன்றுவிடும்.

கைப்பேசிச் செயலி பெயரைச் சரியாகச் சொல்லுமா?

பாதி நேரம் சொல்லும். ஐநேச்சுரலிஸ்ட் நான் பயன்படுத்துகிறேன், படத்தைப் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் திருத்தவும் செய்கிறார்கள். பூவை மட்டும் எடுக்காமல் இலை, காய், முழுச்செடி என்று நாலு படம் எடுங்கள்.

எந்தச் செயலியும் செய்யாத வேலை ஒன்றை எங்கள் தெரு அப்பத்தா செய்தார். மஞ்சளாகப் பூத்த ஒரு தடித்த செடியைக் கொண்டுபோய் நெருஞ்சியா என்று கேட்டேன். "நெருஞ்சி தரையில ஓடும், இது நிக்குதுல்ல? ஒரு செம்பு தண்ணி கொண்டா" என்றார். செடியைத் தண்ணீரில் விட்டு நாலு சுற்றுச் சுற்றி எடுத்தார். செம்பைச் சாய்த்தால் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கோழையாக இறங்குகிறது. "யானை நெருஞ்சி. இனி மறக்க மாட்ட." மறக்கவில்லை.

பறிக்கலாமா?

ஒரு செடிதான் நிற்கிறது என்றால் வேண்டாம். விதை போட அதற்கு இருப்பதே சில வாரம்.

மண்டபத்துக்கு எதிரே தெரியும் தீவுகளுக்குப் போய்ப் பார்க்கலாமா?

நீங்களாகப் படகு பிடித்துப் போகக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி வேண்டும்.

எனக்கு ஒரே நாள்தான் இருக்கிறது. எந்த வழியாகப் போவது?

முந்தைய இரவே இராமேசுவரத்தில் தங்கிவிடுங்கள். தனுஷ்கோடிச் சாலை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போங்கள். அடப்பங்கொடி, மீசை, எருக்கு மூன்றையும் ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டி உச்சிப்புளி வந்து மணல்தரையில் உட்காருங்கள். ஓரிதழ்த்தாமரை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பதினொன்றரைக்கு எழுந்துவிடலாம், வெயில் உட்கார விடாது. சாப்பாட்டுக்குப் பின் தேவிபட்டினம் சாலையில் உப்புத் தரை, நாலு மணிக்குச் சக்கரக்கோட்டை. தடித்த அடியுள்ள செருப்பு, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு நோட்டு போதும். வரும் வழியில் பூவரசு தென்பட்டால் காலையில் ஒரு பூவைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பும்போது அதே கிளையில் பாருங்கள்.